அவளுக்குக் காது நான்தான்

உங்க பிள்ளையா உள்ள போனது? அந்தச் சின்ன ரூமுக்கா? அப்ப முக்கா மணி நேரமாவது ஆகும்மா. உட்காருங்க. நான் ஆறு வாரமா வர்றேன், எனக்கு இங்க எல்லாம் அத்துப்படி. பெரிய ரூமுல இருக்கிறது என் வீட்டுக்காரி, ஜெயராக்கினி. இல்லம்மா, பொறவியில இல்ல. நாப்பத்தாறு வயசுலதான் காது போச்சு. ரெண்டு காதும். சுத்தமா.

பேச்சு வரும். பேசத் தெரியாதவ இல்ல அவ. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. பேசத் தெரிஞ்சவளுக்கு எதுக்குப் பேச்சுப் பயிற்சின்னு கேக்குறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

என்னை உள்ள விடமாட்டாங்க. முதல் நாள் உள்ளதான் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி குடுக்கிற மேடம் சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். பத்து நிமிஷம் என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அப்புறம், "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க"ன்னுடுச்சு. அன்னையிலேருந்து இந்தப் பெஞ்சுதான். நான் என்ன செஞ்சேன்? அவ பேசுறப்ப சத்தம் கூடுச்சு. இப்படிக் கையை விரிச்சு, மெல்லக் கீழ இறக்கிக் காட்டினேன். அவ்வளவுதான். மூணு வருஷத்துப் பழக்கம், கை தன்னால போகுது.

நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் செஞ்சது தப்பான்னு.

எனக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல வேலை. டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ள வரணும், எத்தனை மணிக்கு வெளிய போகணும், அது என் பொறுப்பு. சந்தியாகுன்னா எல்லா டிரைவருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்க ஒரு குரல் வரும். "வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி மார்க்கமாகக் கம்பம் செல்லும் பேருந்து" அப்படின்னு. அந்த இரைச்சலுக்கு நடுவுல, நல்லா விளக்கின பாத்திரத்துல தண்ணி ஊத்துற மாதிரி இருக்கும். ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேன். எங்க அக்காவை அனுப்பிப் பொண்ணு கேட்டேன்.

அந்த வேலை லேசா இருக்கும்னு நினைக்காதீங்க. நாம மைக்குல பேசுறது கடைசி ஸ்பீக்கர்லேருந்து அரை நிமிஷம், இல்ல, அவ்வளவு இல்ல, கண்ணை மூடித் திறக்கிற நேரம் கழிச்சுத் திரும்பி நம்ம காதுக்கே வரும். புதுசா வர்ற பொண்ணுங்க "வத்... வத்தல... வத்த"ன்னு திக்கிப்போகும். "என் குரலே பின்னாடி வந்து என்னை இடிக்குது"ன்னு சொல்லுவா ஜெயராக்கினி. அதுக்கு அவ ஒரு வழி வச்சிருந்தா. ஜன்னலைச் சாத்திட்டு, ஒரு காதை விரலால அடைச்சுக்குவா. அடைச்சா நம்ம குரல் மண்டைக்குள்ள கேக்கும்ல? அதைப் பிடிச்சுக்கிட்டே பேசி முடிச்சிடுவா. பத்தொன்பது வருஷம் அப்படிப் பேசினா. ஒரு ஊர் பேரு தப்பா வந்ததில்ல.

கொரோனா வந்துச்சுல்ல, அதுக்கு மொத வருஷம் அவளுக்கு டிபி. சாதாரண மாத்திரைக்கு அடங்காத வகைன்னாங்க. ஊசி போடணும், மாசக் கணக்குல. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒளிக்காமத்தான் சொன்னாரு. "உயிர் பிழைச்சுக்குவாங்க, ஆனா இந்த ஊசியால சில பேருக்குக் காது போயிடும், வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க"ன்னாரு. நான் சரின்னேன்.

அவகிட்டச் சொல்லலம்மா. நோயோட கிடக்கிறவகிட்டப் போயி எதுக்கு அதையும் சொல்லிப் பயமுறுத்தணும்?

ஏன் அப்படிப் பாக்குறீங்க? உயிரா காதான்னு கேட்டா நீங்க எதைச் சொல்லுவீங்க?

பிழைச்சுட்டா. காது மட்டும் போச்சு. முதல்ல உள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்குன்னா. அப்புறம் போன்ல கேக்கலன்னா. அப்புறம் ஒரு காலையில குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு, இவ பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கா. நான் ஓடி வந்து அடுப்பை அணைச்சேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சுது. காதுல மெஷின் வச்சுப் பாத்தோம், பிரயோஜனமில்ல. வாயசைவைப் பாத்துப் பாதி புரிஞ்சுக்குவா, மிச்சத்தை எழுதிக் காட்டணும்.

ஆனா பேச்சு அப்படியே இருந்துச்சும்மா. மூணு மாசம் ஒரு வித்தியாசமும் இல்ல. வேலைக்குக்கூடப் போனா. நான் சீட்டுல எழுதிக் குடுப்பேன், அவ வாசிப்பா. அப்புறம்தான் மெல்ல மெல்லக் கழண்டுச்சு. சத்தம் ஏறும், திடீர்னு கம்மும். குரல் மேல போயிடும், இறங்கத் தெரியாது. "ச" வர்ற எழுத்தெல்லாம் வழுக்கும். காது டாக்டர்கிட்டக் கேட்டேன், காதுதானே போச்சு, வாய்க்கு என்ன வந்துச்சுன்னு. அவரு சொன்னாரு, "நாம பேசப் பேச நம்ம காது அதைக் கேட்டு, கூடு, குறை, இந்த எழுத்தைத் திருத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நமக்கே தெரியாது. பக்கத்துல லாரி போனா நம்மளை அறியாமச் சத்தத்தைக் கூட்டுறோம்ல, அது மாதிரி. இப்ப அவங்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்ல." அப்படின்னாரு.

ஆள் இல்லையா? நான் இருக்கேனே.

ஒரு நாள் மைக்குல கத்துறா. கத்துறோம்னு அவளுக்குத் தெரியல. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது. பழக்கடையில ரெண்டு பேரு அவ மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கிறானுங்க. நான் ஓடிப்போயி ஜன்னலுக்கு வெளிய நின்னு, கையை விரிச்சு, இப்படி இறக்கிக் காட்டினேன். இறக்கினா. இன்னும் இறக்கினேன். இன்னும் குறைச்சா. அந்தப் பழைய குரல் அப்படியே வந்து நின்னுச்சும்மா. வேலை முடிஞ்சு வெளிய வந்தா, அத்தனை பேர் நடுவுல என் கையைப் பிடிச்சு அவ கண்ணுல ஒத்திக்கிட்டா. "இனிமே நீங்கதான் என் காது"ன்னா. நானாச் சொல்லல. அவ சொன்னது.

வேலை உடனே நிக்கல. ஆனா கொஞ்ச நாள்ல அறிவிப்பை எல்லாம் பதிவு பண்ணிப் போட ஆரம்பிச்சுட்டாங்க, அதோட அவளும் வேலையை விட்டுட்டா. அவ நல்லா இருந்தப்பப் பேசி வச்சிருந்ததையே எடுத்து ஓட்டுறாங்க. இன்னைக்குப் போனாலும் நீங்க கேக்கலாம், கம்பம் பஸ்ஸுக்கு அவ குரல்தான். அவளுக்குத்தான் கேக்காது. நான் தினமும் எட்டு மணி நேரம் கேக்குறேன். ஏறாது, இறங்காது, எப்பவும் ஒரே மாதிரி. மனசுக்கு அவ்வளவு ஆறுதலா இருக்கும். வீட்டுக்கு வந்தா இவ வேற மாதிரி. அந்தக் குரல் மாதிரியே வீட்டுலயும் இருக்கட்டும்னுதான் நான் கையைக் காட்டினேன். வேற என்ன எனக்கு?

கடையில, கல்யாண வீட்டுல, மாதா கோயில்ல, எங்க போனாலும் பேச ஆரம்பிச்சதும் அவ கண்ணு என் கையைத் தேடும். எவ்வளவு கூட்டத்துலயும் தேடும். அப்படி ஒரு பொம்பள புருஷன் கையைப் பாத்து நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எங்க அக்கா அமலோற்பவம்கூடச் சொல்லும், "காது போனதுக்கு அப்புறம்தான்டா இவ உனக்கு அடங்கினா"ன்னு. சும்மா விளையாட்டுக்குச் சொல்லும்.

ஒண்ணு ஒத்துக்கறேன். சில நேரம் சத்தம் சரியாத்தான் இருக்கும். பேச்சு சரியா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நம்ம வீட்டு விஷயத்தைச் சொல்லுவா. இல்லன்னா எங்க அக்காவை ஏதாவது சொல்ல வருவா. அதுக்கும் ஒரு கை காட்டுவேன். உடனே நிறுத்திருவா. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. நல்லதுதானே?

இப்பச் சொல்றதுதான் விஷயம். எங்க பொண்ணு செலின். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. போன வருஷம் தை மாசம் அக்கா ஒரு சம்பந்தம் கொண்டு வந்துச்சு. அத்தான் வழியில சொந்தம். பையன் திருச்சியில இருக்கான். நல்ல குடும்பம். ஒரே ஒரு விஷயம், கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகக் கூடாதுன்னாங்க. அதுல என்ன இருக்கு?

பொண்ணு பாக்க வந்தாங்க, பதினோரு பேரு. காபி குடிச்சாங்க. பையனோட அப்பா தேதி பேச ஆரம்பிச்சாரு. அப்ப ஜெயராக்கினி வாயைத் திறந்தா. "வேலையை விடணும்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம். என் மக படிச்சு வாங்கின வேலை. நான் என் வேலையை எப்படி விட்டேன்னு எனக்குத்தான் தெரியும்" அப்படின்னு ஆரம்பிச்சா. கையை இறக்கினேன். அவ மூஞ்சி செத்துப்போச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்களைச் சுத்தி ஒரு பார்வை பாத்தா, கும்பிட்டா, "மன்னிச்சுக்கங்க, எனக்குச் சத்தம் தெரியாது"ன்னு வாய்க்குள்ள முனகிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. நான் தேதியை முடிச்சேன். செலின் ஒண்ணும் சொல்லல. அப்பா முன்னாடி எதிர்த்துப் பேசுற மாதிரி நான் வளக்கல.

ராத்திரியே அம்மாவும் மகளும் பேசிக்கிட்டாங்க. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். "ஏம்மா பாதியில நிறுத்தின? நீ பேசுவேன்னுதான நான் சும்மா இருந்தேன்"னு செலின் எழுதிக் கேட்டிருக்கா. "நான் கத்திட்டேன்டி, அப்பா கை காட்டினாரு"ன்னு அவ சொல்லியிருக்கா. அதுக்கு இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு தெரியுமா? "நீ கத்தவே இல்ல. காபி டம்ளர் வைக்கிற சத்தத்தை விட மெதுவாத்தான் பேசின" அப்படின்னு.

பெத்த அப்பனைக் காட்டிக் குடுக்கிறதுன்னா இதுதான்.

சரி. கோயில்ல முதல் ஓலை வாசிச்சாச்சு. நீங்க எங்க ஆளுங்க இல்லல்ல? எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பேரு வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு. அதுதான் ஓலை. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, அது ஒரு வழக்கம்.

முதல் ஓலை முடிஞ்ச புதன்கிழமை, காலையில நான் இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். உள்ள செலின் மிக்ஸி போட்டிருக்கா. ஜெயராக்கினி எனக்கு எதிர்ல வந்து உட்கார்ந்தா. தொண்டையில கையை வச்சுக்கிட்டு, என்னையே பாத்து, "உங்க அக்கா செஞ்சது சரியில்ல. செலின் தினமும் அழுறா. நான் இதை விடமாட்டேன்" அப்படின்னா. நான் கையை இறக்கினேன்.

அவ எழுந்து போயி மிக்ஸியை நிறுத்திட்டு வந்தா. திரும்ப உட்கார்ந்தா. என் கையை எடுத்து, இட்லி சாப்பிட்ட எச்சில் கைம்மா, அவ தொண்டையில வச்சா. அதையே திரும்பச் சொன்னா. வாய் அசையுது. தொண்டையில ஒண்ணுமே இல்ல. சத்தமே இல்ல. வெறும் வாய். அப்புறம் குரலைக் கொடுத்து, "இப்பப் பேசுறேன். அப்ப நான் பேசவே இல்ல"ன்னா. அவ தொண்டை என் கைக்குள்ள அதிர்ந்துச்சு.

புருஷனுக்குப் பரீட்சை வைக்கலாமா? நீங்க சொல்லுங்க. கைப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி மூணு வருஷம் சொல்லிக் குடுத்தவன் நான். மிக்ஸி ஓடுறப்ப யாருக்குத்தான் என்ன கேக்கும்? ஆனா சத்தியமாச் சொல்றேன்மா, எனக்கு அவ குரல் கேட்டுச்சு. சத்தமா, வீடு அதிர்ற மாதிரி கேட்டுச்சு. இப்பக்கூட நினைச்சாக் கேக்குது. இல்லாத சத்தம் எனக்கு எப்படிக் கேக்கும்?

அன்னையிலேருந்து எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. எங்கிட்ட மட்டும். மககிட்டப் பேசுறா, கீரைக்காரிகிட்டப் பேசுறா. எனக்குச் சீட்டு எழுதி வச்சிடுவா. "சோறு மூடி வச்சிருக்கு." "கரண்ட் ஆள் வந்தான்." காது கேக்காதவளுக்கு நான் எழுதிக் காட்டினது போக, காது கேக்கிற எனக்கு அவ எழுதிக் காட்டுறா.

ரெண்டாம் ஓலை. எங்க கோயில்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். ஃபாதர் வாசிச்சு முடிச்சாரு. அது அவளுக்கு எப்படித் தெரியும்? செலின்தான் பக்கத்துல உட்கார்ந்து அவ கையை அழுத்தியிருக்கா. எந்திரிச்சா.

"ஃபாதர், தடை இருக்கு."

அம்மா, அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில கேட்டதில்ல. கோயில் கூரையில முட்டித் திரும்பி வந்துச்சு. குரல் மேல போயி உடைஞ்சு, பாதி எழுத்து வழுக்கி, ஏதோ வலியில கத்துற மாதிரி. சின்னப் பிள்ளைங்க ரெண்டு சிரிச்சுதுங்க. நான் எந்திரிச்சு நடுப்பாதையில வந்து நின்னு கையை இறக்கிக் காட்டுறேன். ரெண்டு கையாலயும் காட்டுறேன். அவ என் பக்கமே திரும்பல. பீடத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா. ஊரு மொத்தமும் அவளைப் பாக்கல, என்னைப் பாக்குது. நடுக்கோயில்ல, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, பறக்கத் தெரியாத கோழி மாதிரி நான்.

ஃபாதர் இறங்கி வந்தாரு. அவ முன்னாடி நின்னு, வாய் தெரியுற மாதிரி மெல்ல, "சொல்லும்மா"ன்னாரு.

"என் மக பயத்துல சரின்னுச்சு. அவளுக்கு இஷ்டமில்ல. நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். நான் கத்துறேன்னு நினைச்சு நிறுத்திட்டேன். இப்பவும் கத்துறேனான்னு எனக்குத் தெரியாது. கத்தினாலும் பரவாயில்ல."

அவரு செலினைப் பாத்தாரு. அது எந்திரிச்சு, "இஷ்டமில்ல ஃபாதர்"னுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. அவ்வளவு அமைதியா இருந்ததால கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

கல்யாணம் நின்னுபோச்சு. எங்க அக்கா என் வீட்டு வாசல் மிதிச்சுப் பத்து மாசம் ஆகுது. இருபத்தஞ்சு வருஷம் கூடவே நின்ன அக்கா. பஸ் ஸ்டாண்டுல டிரைவருங்க நான் போனா கையை இறக்கிக் காட்டிச் சிரிக்கிறானுங்க. நான் கேக்குறது ஒண்ணுதான். அவ சொன்னதுல தப்பு இருக்குன்னு நான் சொல்லல. செலின் நல்லாத்தான் இருக்கு, வேலைக்குப் போகுது, மூஞ்சி தெளிஞ்சிருக்கு. அது எனக்கும் தெரியுது. ஆனா அதை ஏன் எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது? வீட்டுக்குள்ள, மெதுவா?

என்ன? சொன்னாளா? எப்பச் சொன்னா?

ம்.

ஆமா. சொன்னா.

இந்த இடத்தைச் செலின்தான் கண்டுபிடிச்சுச்சு. காது இல்லாமலே குரலை வச்சுக்கச் சொல்லித் தர்றாங்களாம். நெஞ்சுல கையை வச்சு, அதிர்வைப் பாத்து, நாக்கு எங்க தொடுதுன்னு பாத்து. பழகினா யாரு கையையும் பாக்க வேண்டாமாம். ரெண்டு பஸ் மாறி வரணும், ரோட்டுல ஹார்ன் அடிச்சாத் தெரியாது அவளுக்கு, அதான் நான் கூட வர்றேன். பஸ்ஸுல பக்கத்துல உட்காருவா. ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா.

இருங்க, மேடம் வர்றாங்க.

என்ன மேடம், முடிஞ்சுதா? அடுத்த வாரம் சனிக்கிழமையா? ஓ, செலினுக்கு லீவுன்னு மாத்திட்டீங்களா. சரி மேடம், நானும் அன்னைக்கு லீவு சொல்லிட்டு... நான் வேண்டாமா? யாரு, நீங்க சொல்றீங்களா?

அவளா சொன்னா?

எழுதிக் குடுத்தாளா, வாயால சொன்னாளா? வாயாலயா. என்னன்னு சொன்னா மேடம்? அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். "அவரு இனிமே வர வேண்டாம், நானும் என் மகளும் வந்துக்குவோம்"னா. சரி. கோபமாச் சொன்னாளா? சத்தம் போட்டா?

இல்லையா?

சாதாரணமாவா.

கேட்டீங்களாம்மா. சாதாரணமாச் சொன்னாளாம். கதவு சாத்தியிருந்துச்சு, எனக்குத்தான் கேக்கல. பத்து மாசமாச்சு, அவ எங்கிட்டச் சாதாரணமாப் பேசினா எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சுப் பாக்குறேன். ஞாபகத்துக்கு வரவே மாட்டேங்குது.